இல்லாத பந்து

மூன்று பருவம் அவனைப் படம் பிடித்திருக்கிறேன்,
கத்தரிபோல் மடங்கி உயரும் இரும்பு மேடையில் நின்று,
கான்சாஸ் காற்று ஜாக்கெட்டுக்குள் கைவிட்டுத் துழாவ.
அந்த உரிமையில் சொல்கிறேன்:
டெல்ரிக் ஹக்கபி மந்தமாகிவிட்டான் என்பது பொய்.

முதல் இரண்டு பருவம்
குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் ஏழு யார்டு தள்ளி நிற்பான்.
ஏழு யார்டு பெரிய சொத்து.
பந்து கைக்கு வரும்போதே
உடம்பு முழு வேகத்தில் இருக்கும்.
முன்னால் ஃபுல்பேக் விட்டேக்கர்,
கழுத்தே இல்லாத மாட்டுப்பண்ணைப் பையன்,
கதவைத் திறக்கத் தெரியாமல்
நிலையோடு பெயர்ப்பவன்.
எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்பான் டெல்ரிக்.
பதில் வருமுன் நான்கு யார்டு.
மறுபடி நான்கு.
மறுபடி, மூக்கில் ரத்தத்தோடு, மூன்றரை.
பார்க்க அழகாக இருக்காது.
கடிகாரம் மட்டும் அவன் சொன்னபடி கேட்டது.

பிறகு கோச் மாறினார்.
டெக்ஸாஸிலிருந்து வந்த ஆர்னட்டின் ஏட்டில்
ஃபுல்பேக் என்றொரு வேலையே கிடையாது.
விட்டேக்கர் டிசம்பரில் பண்ணைக்குப் போய்விட்டான்.
மைதானத்தை ஜமுக்காளம்போல் உதறி விரித்தார் ஆர்னட்,
ஓரத்துக்கு ஓரம் ரிசீவர்கள்.
டெல்ரிக்கை குவார்ட்டர்பேக்கின் தோளருகே நிறுத்தினார்.
நின்ற இடத்திலிருந்து கிளம்பு.
பக்கவாட்டில் போ. பொறு. சந்து தெரியும்.
ஒரே ஒரு வெட்டு, அப்புறம் ஓடு.
'பொறு' என்ற சொல்லை
அவன் கால்கள் எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை.

லூசியானாக்காரன் ரெமி கில்போ படித்திருந்தான்.
இரண்டு வருடம் தண்ணீர்ப் புட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றவன்,
பழைய ஆட்டத்தில் மூன்றே முறை பந்தைத் தொட்டவன்,
இப்போது விலாங்கு.
இடுப்பு ஒரு பக்கம் போகும்,
ஆள் மறுபக்கம் போவான்.
தானே அவனைக் கண்டுபிடித்ததாக ஊர் சொல்லிக்கொண்டது.
ஹக்கபி காலில் ஈயம் என்றார்கள் முடிதிருத்தும் கடையில்,
போன வருடம் அதே நாற்காலிகளில்
அவனை புல்டோசர் என்றவர்கள்.

இரவு ஒன்றேகாலுக்குப் படத்தை வெட்டுபவள் நான்.
பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக ஓடவிட்டேன்.
அதே எட்டு, அதே தோள் சாய்வு.
முழு வேகம் பிடிக்க அவனுக்கு ஐந்து எட்டு வேண்டும்.
புதிய ஆட்டம் இரண்டு தருகிறது.
அவ்வளவுதான் கணக்கு.
யாரிடமும் சொல்லவில்லை,
கேமராக்காரியை யார் கேட்டார்கள்?

அக்டோபர் கடைசி சனிக்கிழமை, மழை.
குவார்ட்டர்பேக் பந்தை டெல்ரிக்கின் வயிற்றில் வைத்தான்.
ஒரு மூச்சு நேரம் வைத்திருந்து,
எதிரணி ஓரக்காரனின் தோள் உள்ளே திரும்புவதைப் பார்த்து,
உருவிக்கொண்டான்.
டெல்ரிக் இரு கையையும் பூட்டி
இல்லாத பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு
தலை கவிழ்த்துப் பாய்ந்தான்.
மூன்று பேர் சேர்ந்து அவனைச் சாய்த்தார்கள்.
அந்தப் பக்கம் குவார்ட்டர்பேக் தனியே,
அறுபத்தொரு யார்டு.
டெலிவிஷன் கேமராக்கள் எல்லாம் அவனோடு ஓடின.
என்னுடையது அகலக் கோணம்,
அதில் யாரும் விடுபடுவதில்லை.
குவியலிலிருந்து கடைசியாக எழுந்தவன்
பூட்டிய கையை இன்னும் பிரிக்கவில்லை.

ஜனவரியில் அவன் பெயர் மாறுதல் பட்டியலில் வந்தது.
தெற்கு டகோட்டாவில் ஏதோ ஒரு சின்னக் கல்லூரி,
இன்னும் ஃபுல்பேக் வைத்து ஆடுகிறார்களாம்,
படத்துண்டுகள் கேட்டார்கள். அனுப்பினேன்.
மறுநாளே அந்தக் கோச் போனில்:
"முதல் துண்டில் பந்து அவனிடம் இல்லையே, அம்மா?"
ஆமாம் என்றேன்.
பதில் இல்லை.
பொத்தானை அழுத்தும் ஓசை,
சற்றுப் பொறுத்து
மறுபடி அழுத்தும் ஓசை.